பழைய டிவி கேமை மறுபடி ஓட வைக்க: புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று ஏதோ ஒரு பெயர் ஒட்டிய டிவி கேமோடு வளர்ந்தவர்கள் கையில் இப்போது கொஞ்சம் காசு புழங்குகிறது. காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் அதே மாதிரி ஒன்றைப் பார்த்ததும் பேரம் பேசி வாங்கிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் சிக்கலே. டிவியில் சொருக இடமில்லை, அடாப்டர் சேரவில்லை, ஆசைப்பட்ட விளையாட்டு அந்தக் கருவிக்கு வெளிவரவே இல்லை. நீங்கள் இந்த வரிசையில் போங்கள்: முதலில் விளையாட்டு, அப்புறம் கருவி, அப்புறம் அடாப்டர், கடைசியில் டிவி. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் இரண்டு மடங்கு செலவாகிறது.

1. எந்த விளையாட்டு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நம் நினைவில் நிற்கும் விளையாட்டுகளில் பாதி, காமிக்ஸிலிருந்தோ கார்ட்டூனிலிருந்தோ படத்திலிருந்தோ வந்தவை. இவற்றில்தான் ஏமாற்றமும் அதிகம், ஏனென்றால் உரிமம் ஒரு நிறுவனத்திடமும் விளையாட்டு இன்னொரு நிறுவனத்திடமும் இருக்கும்.

முதல் உதாரணம் ‘முஸ்தபா’. வீடியோ கேம் கடையில் ஒரு ரூபாய் காசு போட்டு ஆடிய அந்த விளையாட்டின் உண்மைப் பெயர் ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’. மார்க் ஷுல்ட்ஸ் வரைந்த ‘ஜீனோசோயிக் டேல்ஸ்’ காமிக்ஸை வைத்து கேப்காம் என்ற ஜப்பானிய நிறுவனம் 1993-இல் கொண்டுவந்தது. கடைகளில் நிற்கும் பெரிய ஆர்கேட் பெட்டிக்காக மட்டுமே செய்யப்பட்டது. வீட்டுக் கருவி எதற்கும் அதிகாரபூர்வமாக வரவில்லை. 1994-இல் சேகா சிடி என்ற வீட்டுக் கருவிக்கு இதே பெயரில் ஒன்று வந்தது, ஆனால் அது கார் ஓட்டிச் சுடும் வேறு விளையாட்டு. கேப்காம் தன் பழைய அடிதடி விளையாட்டுகளைத் திரட்டி 2018-இல் வெளியிட்ட தொகுப்பிலும் இது இல்லை. ஆகவே ‘ஒரிஜினல் முஸ்தபா கேசட்’ என்று யாராவது நீட்டினால் அது வேறு விளையாட்டு, அல்லது கள்ளப் பிரதி. மூடிப்போன கேம் கடையிலிருந்து அசல் ஆர்கேட் போர்டே கிடைக்கிறது என்றாலும் ஓடுவதைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். அந்த போர்டில் ஒரு சின்ன பேட்டரி உண்டு. அது தீர்ந்தால் உள்ளே இருக்கும் மறைகுறியீடு அழிந்துவிடும், போர்டு ஓடாது. புது பேட்டரி போடுவதால் மட்டும் அது திரும்பி வராது.

இரண்டாவது ‘அலாவுதீன்’. 1993-இல் ஒரே படத்துக்கு இரண்டு வேறு விளையாட்டுகள் வந்தன. அலாவுதீன் கையில் வாள் இருந்ததாக ஞாபகம் என்றால் நீங்கள் ஆடியது சேகா மெகா டிரைவ் வடிவம். வாளில்லாமல் எதிரியின் தலைமேல் குதித்ததாக ஞாபகம் என்றால் அது சூப்பர் நின்டெண்டோவுக்கு கேப்காம் செய்தது. ஞாபகத்தைச் சரிபார்க்காமல் கருவி வாங்கினால் வேறு அலாவுதீன் வீட்டுக்கு வந்து நிற்பான்.

உங்களுக்கு வேண்டியது கருவியா, விளையாட்டு மட்டுமா என்பதையும் இந்த இடத்திலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். விளையாட்டு மட்டும் போதும் என்றால் கணினிக்கோ புதிய கன்சோலுக்கோ முறையான தொகுப்புகள் இருக்கின்றன. ‘டக்டேல்ஸ்’, ‘சிப் அண்ட் டேல்’ உள்ளிட்ட ஆறு விளையாட்டுகள் கொண்ட டிஸ்னி ஆஃப்டர்நூன் தொகுப்பு (2017), காண்ட்ரா தொகுப்பு (2019), அலாவுதீன்–லயன் கிங் தொகுப்பு (2019), நிஞ்சா ஆமைகளின் 13 விளையாட்டுகள் கொண்ட கவாபங்கா தொகுப்பு (2022), மார்வெல் வெர்சஸ் கேப்காம் ஆர்கேட் தொகுப்பு (2024). ஸ்பைடர்மேனும் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ ரியூவும் ஒரே திரையில் மோதுவதைப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்குக் கடைசியாகச் சொன்னதே போதும்; பழைய கருவி தேவையில்லை.

இத்தகைய உரிமக் கூட்டு விளையாட்டுகள் ஒப்பந்தம் முடிந்ததும் கடைப் பட்டியலிலிருந்து காணாமல் போகும் வழக்கம் உண்டு. பிடித்தது கண்ணில் பட்டால் தள்ளிப்போடாதீர்கள். கணினி விளையாட்டு விற்கும் ஸ்டீம் இணையக் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். உங்கள் கணினியில் ஓடுகிறதா என்று முதல் அரை மணி நேரத்திலேயே பார்த்துவிடுங்கள்.

2. விளையாட்டுக்கேற்ற கருவி

காண்ட்ரா, மாரியோ, சர்க்கஸ், ரோட் ஃபைட்டர், வாத்து சுடுவது, டக்டேல்ஸ்: இவையெல்லாம் 1983-இல் ஜப்பானில் நின்டெண்டோ கொண்டுவந்த ஃபேமிகாம் கருவியின் குடும்பத்தைச் சேர்ந்தவை; நம் ஊர்ப் பெட்டிகள் அதன் நகல்கள். நம் ஊர் 8-பிட் டிவி கேம் போதும். நல்ல நிலையில் உள்ள பழையதோ, புதிய மலிவுப் பெட்டியோ சுமார் 700 முதல் 1,500 ரூபாய்க்குள் கிடைக்கும். அதற்கு மேல் கேட்டால் பழமை என்ற பெயரில் விற்கிறார்கள் என்று அர்த்தம்.

நம் ஊர்ப் பெட்டிகளின் கேசட் 60 முனை கொண்டது. அதே ஃபேமிகாமை அமெரிக்கா, ஐரோப்பாவில் என்இஎஸ் என்ற பெயரில் விற்றார்கள்; அதன் கேசட்டுக்கு 72 முனை. இரண்டும் ஒன்றில் ஒன்று போகாது. நடுவில் மாற்றுத் துண்டு வேண்டும்.

‘9999 இன் 1’ என்று எழுதிய கேசட்டில் உண்மையில் பத்து இருபது விளையாட்டுகள்தான் இருக்கும். மற்றவை அதே விளையாட்டு வேறு கட்டத்திலிருந்தோ கூடுதல் உயிரோடோ தொடங்குவது. கடைக்காரர் முன்னாலேயே பட்டியலில் 1, 40, 300, 2000 என்று தாவித் தாவித் திறந்து பாருங்கள், இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

‘கிங்டம் ஹார்ட்ஸ்’ (2002) போல டிஸ்னி பாத்திரங்களோடு ஜப்பானிய சாகசம் கலந்தது வேண்டும், அல்லது 2009-இல் நம் நாட்டிலேயே செய்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’ வேண்டும் என்றால் பிளேஸ்டேஷன் 2. செகண்ட் ஹேண்டில் சுமார் 3,000 முதல் 5,000 வரை. வாங்கும்போது அடிப்பக்கம் நீலமாக உள்ள டிஸ்க் ஒன்று, வெள்ளியாக உள்ள டிஸ்க் ஒன்று, இரண்டையும் போட்டுப் பாருங்கள். நீலம் சிடி, வெள்ளி டிவிடி. லென்ஸ் தேய்ந்த கருவி ஒன்றைப் படித்து மற்றதைப் படிக்காது. விற்பவர் தன்னிடம் உள்ள ஒரே டிஸ்க்கைப் போட்டுக் காட்டினால் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

3. உள்ளூரில் வாங்குவது

புதுச்சேரியில் ஞாயிறு காலை காந்தி வீதி. பெரும்பாலும் துணிமணிதான், நடுநடுவே தரையில் விரித்த பழைய சாமான்கள். வெயில் ஏறுமுன் போனால் கிளறிப் பார்க்க இடமிருக்கும். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டை ஒட்டிய பழைய டிவி மெக்கானிக் கடைகளில் விசாரிக்கலாம். விற்பனைக்கு என்று வைத்திருக்க மாட்டார்கள்; ரிப்பேருக்கு வந்து யாரும் எடுத்துப்போகாமல் கிடப்பது இருக்கும். உதிரி பாகத்துக்கு சென்னை ரிச்சி தெரு. ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும், வார நாளில் போங்கள்.

தரைக்கடையில் பிளக் பாயின்ட் இருக்காது. அதனால் கையாலேயே மூன்று சோதனை:

குலுக்குங்கள். உள்ளே ஏதாவது உருண்டால் வைத்துவிடுங்கள்.

கேசட் சொருகும் வாயைத் திறந்து, போன் டார்ச் அடித்து முனைகளைப் பாருங்கள். மஞ்சளாகவோ வெள்ளியாகவோ மின்னினால் நல்லது. கறுத்திருந்தால் சுத்தம் செய்யலாம். பச்சை பூத்து முனை அரித்திருந்தால் வேண்டாம்.

அடிப்பக்கத் திருகாணிகளைப் பாருங்கள். துருவோடு, மூடியின் இடுக்கில் வண்டல் கோடு படிந்திருந்தால் அது வெள்ளத்தில் கிடந்த பெட்டி. 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்று இரண்டு புயல் இந்தக் கரையில் ஏறிய பிறகு இப்படிப்பட்டவை நிறையச் சுற்றுகின்றன. வெளியே துடைத்து வைத்திருப்பார்கள். திருகாணிக் குழியை யாரும் துடைப்பதில்லை.

நம் ஊர்ப் பெட்டிகளில் பலவற்றின் மூளை, போர்டின் நடுவே கறுப்புத் தார் சொட்டியது போல இருக்கும் ஒரே சில்லுதான். அது போனால் மாற்ற வழியில்லை. ‘சின்ன ரிப்பேர்தான் தம்பி, மெக்கானிக்கிட்ட குடுத்தா ஆயிடும்’ என்று சொல்லி விற்றால் உதிரி பாக விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

காகிதம்: ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகும் பொருளுக்கு ஒரு துண்டுச் சீட்டாவது வாங்குங்கள். பொருளின் பெயர், அடியில் உள்ள சீரியல் எண், தேதி, தொகை, விற்பவரின் பெயரும் கையெழுத்தும். பணத்தை யூபிஐ-யில் அனுப்பினால் அதுவே ஒரு சாட்சி. பிளேஸ்டேஷன் போன்றவை திருட்டுப் பொருளாகவும் கைமாறுகின்றன. சீரியல் எண் சுரண்டப்பட்டிருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். புதுச்சேரியில் வாங்கிக் கடலூருக்கு எடுத்துப்போக வேறு எந்தக் காகிதமும் தேவையில்லை. முள்ளோடை எல்லையைத் தாண்டும்போது போலீஸ் பையைத் திறக்கச் சொன்னால் அவர்கள் தேடுவது மது பாட்டிலைத்தான்.

4. வெளிநாட்டிலிருந்து தருவிப்பது

புதியவர் கன்சோலை வெளிநாட்டிலிருந்து பார்சலில் தருவிக்கவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. காரணம் இரண்டு. வீடியோ கேம் கருவிகள் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) கட்டாயப் பதிவு கேட்கும் மின்னணுப் பொருள் பட்டியலில் இருக்கின்றன. அதோடு, பயன்படுத்திய பொருளை இறக்குமதி செய்வதற்கே கட்டுப்பாடு உண்டு. கஸ்டம்ஸில் ஒரு அதிகாரி விட்டுவிடலாம், இன்னொருவர் நிறுத்திவைக்கலாம். நிறுத்தினால் எழுத்துப் போக்குவரத்திலேயே வாரங்கள் ஓடும்.

முறையாக வரும் சின்னச் சாமான்களுக்கு, அதாவது புதிய கேபிள், புதிய ஜாய்ஸ்டிக், மாற்றுத் துண்டு போன்றவற்றுக்குக்கூட வரி உண்டு. கணக்கு இப்படிப் போகும்: பொருளின் விலையோடு அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்த்து மதிப்பு, அதன்மேல் அடிப்படைச் சுங்கம், அந்தச் சுங்கத்தில் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி, இவை எல்லாம் சேர்ந்த தொகைமேல் ஐஜிஎஸ்டி. அனுப்பும் செலவுக்கும் வரி கட்டுகிறீர்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சுங்க விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், அதனால் ஆர்டர் போடும் அன்றைய விகிதத்தைப் பாருங்கள். கூரியர் கம்பெனி தன் பங்குக்கு ஒரு சேவைக் கட்டணமும் சேர்க்கும்.

தயாராக வைத்திருக்க வேண்டியவை: ஆதார் அல்லது பான் நகல், விற்பவரின் இன்வாய்ஸ், பணம் கட்டிய ரசீது, பொருள் விற்ற பக்கத்தின் படம். இன்வாய்ஸில் ‘கிஃப்ட்’ என்று எழுதவோ விலையைக் குறைத்துப் போடவோ விற்பவரைக் கேட்காதீர்கள். பணம் கட்டிய ரசீதைக் கேட்டாலே குட்டு வெளிப்பட்டுவிடும், பார்சலும் மாட்டும்.

கருவிதான் வேண்டும் என்றால், வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் தன் பெட்டியில் ஒன்று கொண்டுவருவது எளிது. வாங்கிய பில்லை அவர் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். பயணிக்கான வரியில்லா வரம்புக்குள் அடங்குகிறதா என்பதற்கு அதுதான் ஆதாரம்.

புதுச்சேரியில் பல வீடுகளுக்கு பிரான்ஸ் தொடர்பு இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். பிரான்ஸ் கருவிக்கு மின்சாரச் சிக்கல் இல்லை, அங்கும் 230 வோல்ட்தான். ஆனால் அனலாக் காலத்தில் அங்கே தொலைக்காட்சி முறை ‘செக்காம்’, நம்முடையது ‘பால்’. அங்கே விற்ற பழைய கன்சோல்கள் பெரும்பாலும் பெரித்தெல் என்ற அகலமான ஸ்கார்ட் பிளக் வழியாகத்தான் படம் அனுப்பும். அதிலிருந்து மஞ்சள்–வெள்ளை–சிவப்புக்கு மாற்றும் மலிவுத் துண்டைப் போட்டால் கறுப்புத் திரைதான் வரும், ஏனென்றால் கேபிளில் வருவது சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகப் போகும் ஆர்ஜிபி, அந்தத் துண்டு எடுப்பது வேறு சிக்னல். ஆர்ஜிபி ஏற்கும் ஸ்கார்ட்–எச்டிஎம்ஐ பெட்டி கேட்டு வாங்குங்கள். ஐரோப்பிய பிளக்கின் முனை மெல்லியது. நம் சாக்கெட்டில் லொடலொடவென்று ஆடிப் பொறி பறக்கும். மாற்று பிளக் இல்லாமல் போடாதீர்கள்.

5. அடாப்டர்

கருவி சாவது பெரும்பாலும் இந்த இடத்தில். முனை சேருகிறது என்பதற்காக வீட்டில் கிடக்கும் அடாப்டரைச் சொருகுவார்கள், அவ்வளவுதான்.

பார்க்க வேண்டியது நான்கு: டிசியா ஏசியா, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், முனையின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா. கடைசியாகச் சொன்னதை அடாப்டர் மேல் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி அரைவட்டமும் போட்ட சின்னப் படமாகக் குறித்திருப்பார்கள். புள்ளியோடு கோடு இழுத்து சேர்த்திருக்கும் குறிதான் நடு முனை.

நம் 8-பிட் பெட்டிகள் பெரும்பாலும் 9 வோல்ட் டிசி, நடு மைனஸ். வைஃபை ரௌட்டர் அடாப்டர் அதே அளவு முனையோடு நடு பிளஸ்ஸாக இருக்கும். 9 வோல்ட் என்று அதில் எழுதியிருப்பதைப் பார்த்து மாட்டியவர்கள் அநேகம். அசல் ஃபேமிகாம்: 10 வோல்ட், 850 மில்லி ஆம்பியர், நடு மைனஸ். மெகா டிரைவ் முதல் மாடல்: 9 வோல்ட், 1.2 ஆம்பியர், நடு மைனஸ். அதே மெகா டிரைவின் இரண்டாம் மாடல் 10 வோல்ட், நடு பிளஸ். பெயர் ஒன்றாக இருந்தாலும் அடாப்டர் வேறு. அமெரிக்க என்இஎஸ் அடாப்டர் தருவது 9 வோல்ட் ஏசி; அதை நம் பெட்டியில் சொருகவே கூடாது. ஒல்லி பிளேஸ்டேஷன் 2-இன் முதல் மாடல்களுக்கு 8.5 வோல்ட், 5 ஆம்பியருக்கு மேல் தரும் தனி அடாப்டர்.

ஆம்பியர் அதிகமாக இருந்தால் கெடுதல் இல்லை. கருவி தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். வோல்ட் அதிகமாக இருக்கக் கூடாது. உள்ளே 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் 9 வோல்ட்டை 5 ஆக இறக்குகிறது. மிஞ்சும் 4 வோல்ட் சூடாகக் கழிகிறது. 12 வோல்ட் கொடுத்தால் கழிய வேண்டியது 7. அரை மணி நேரம் ஓடும், பிறகு படம் சிதறும், பிறகு பெட்டியே எழாது.

ஜப்பான் கருவியின் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. நேராக நம் 230-இல் சொருகினால் உடனே போய்விடும். டிரான்ஸ்ஃபார்மர் தூக்கி அலைவதைவிட, 230-இல் வேலை செய்யும் சரியான அடாப்டரையே வாங்கிக்கொள்வது மலிவு. சுமார் 150 முதல் 250 ரூபாய். கூடவே 200, 300 ரூபாயில் ஒரு மல்டிமீட்டர். சொருகுமுன் முனையில் வைத்துப் பாருங்கள். சிவப்புக் கம்பியை நடுவிலும் கறுப்பை வெளியிலும் வைத்தால் எண்ணுக்கு முன் கழித்தல் குறி வந்தால் அது நடு மைனஸ். கெட்டி டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பழைய அடாப்டர், சுமை இல்லாதபோது 9-க்குப் பதில் 12, 13 காட்டும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

6. டிவியோடு சேர்ப்பது

புது டிவியில் மூன்று வண்ண ஓட்டைகள் இல்லாமல் ‘ஏவி இன்’ என்று ஒரே ஒரு சிறு வட்டத் துளை இருக்கலாம். அதற்கான நான்கு வளைய கேபிள் கம்பெனிக்குக் கம்பெனி வரிசை மாறும். படம் வராமல் சத்தம் மட்டும் ‘கொர்’ என்று வந்தால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். மஞ்சள் பிளக்கைக் கழற்றிச் சிவப்பில் போட்டுப் பாருங்கள். பாதி நேரம் அதிலேயே படம் வந்துவிடும்.

அந்தத் துளையும் இல்லையென்றால் ஏவி–எச்டிஎம்ஐ மாற்றுப் பெட்டி, சுமார் 400 முதல் 700 ரூபாய். இதே பெட்டியில் எதிர்த்திசை வகையும் அதே நிறத்தில், அதே அளவில் வருகிறது. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. ‘ஏவி உள்ளே, எச்டிஎம்ஐ வெளியே’ என்று கேட்டு வாங்குங்கள். அதற்கு 5 வோல்ட் தனியாகக் கொடுக்க வேண்டும். டிவியின் யுஎஸ்பி-யைவிட போன் சார்ஜர் நம்பகமானது. டிவியில் ‘கேம் மோடு’ போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பொத்தானை அமுக்கிக் கொஞ்சம் கழித்துத்தான் மாரியோ குதிப்பார்.

ஏவி வெளியீடே இல்லாத பழைய பெட்டியில் ஆன்டெனா கேபிள் மட்டும் இருக்கும். கருவியை ஆன் செய்துவிட்டு டிவியை அனலாக் தேடலில் விடுங்கள். படம் தெளிவாக வந்து சத்தம் மட்டும் வராவிட்டால் அது சீன முறைக்கான பெட்டி. நம் ஊர்ச் சத்த முறை பி/ஜி, அவர்களுடையது டி/கே. டிவி மெனுவில் சவுண்ட் சிஸ்டத்தை டி/கே ஆக்கினால் சத்தம் வரும். ஜப்பான் கருவியை பால் மட்டும் தெரிந்த பழைய டிவியில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாக வரும் அல்லது உருளும்.

வாத்து சுடும் துப்பாக்கி மட்டும் எல்இடி டிவியில் வேலை செய்யாது. சுட்ட கணத்தில் திரை கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாக மின்னும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தைப் பிடிக்கிறது. புது டிவி அந்தக் கணத்தைத் தாமதமாகக் காட்டுவதால் துப்பாக்கிக்கு ஒன்றும் தெரிவதில்லை. அதற்கு டியூப் டிவிதான் வேண்டும். மெக்கானிக் கடையில் 500 முதல் 1,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஆட்டோ வாடகை தனி. பின்மூடியைத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

7. சுத்தம்

கேசட்டை வாயால் ஊதாதீர்கள். ஊதியதும் ஓடுவது, கழற்றி மறுபடி சொருகியதால். எச்சில் ஈரம் உள்ளே தங்கி முனையை அரிக்கும். கடற்கரை ஊரில் உப்புக்காற்றும் சேர்ந்து இன்னும் சீக்கிரம்.

99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சி. மருந்துக்கடையில் கிடைக்கும் சானிடைசரோ ஸ்பிரிட்டோ வேண்டாம், தண்ணீர் கலந்திருக்கும். குச்சியை நனைத்து முனைகளின்மேல் மேலிருந்து கீழாக ஒரே திசையில் இழுங்கள். கறுப்பு வருவது நிற்கும்வரை குச்சியை மாற்றிக்கொண்டே இருங்கள். பத்து நிமிடம் காயவிட்டு, கருவி ஆஃபில் இருக்கும்போது சொருகுங்கள். உப்புத்தாள் தேய்த்தால் மேல்பூச்சு போய், அடுத்த மழைக்குள் பச்சை பூக்கும்.

ஆட்டத்தைச் சேமிக்கும் அசல் கேசட்டுகளில் சிஆர் 2032 போன்ற 3 வோல்ட் பேட்டரி இருக்கும். சேமித்து, ஆஃப் செய்து, மறுநாள் திறந்து பாருங்கள். அழிந்திருந்தால் பேட்டரி மாற்ற வேண்டும். காது வைத்த பேட்டரியைக் கேட்டு வாங்கி, மெக்கானிக்கிடம் கொடுத்துப் பற்றவையுங்கள். சாதா பேட்டரிமேல் நேராகச் சூடு வைத்தால் வெடிக்கலாம். மாற்றும்போது பழைய சேமிப்பு போய்விடும்.

8. மழைக்காலத்துக்கு

ஐப்பசி, கார்த்திகையில் சும்மா வைத்திருக்கும் கருவிதான் கெடுகிறது. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நிறம் மாறும் சிலிகா ஜெல் ஒரு கைப்பிடி. நீலம் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது. வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். சமையலுக்கு எடுக்கும் வாணலி வேண்டாம், பழசு ஒன்றை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவைக் கட்டில் அடியில் தள்ளாமல் இடுப்பு உயரத்துக்கு மேல் வையுங்கள். வாரம் ஒரு முறை எடுத்து அரை மணி நேரம் ஓட்டினால் உள் சூட்டிலேயே ஈரம் போய்விடும். இடி இடிக்கும்போது அடாப்டரையும் கேபிள் டிவி ஒயரையும் சேர்த்தே பிடுங்கி வையுங்கள். ஒயர் வழியாக வரும் மின்னல் எச்டிஎம்ஐ போர்ட்டை முதலில் தின்னும்.